மொந்தே கசீனோ மடமும் ஏடு காத்த அன்றாடப் பணியும்

முன்னுரை

இலத்தீன் மொழியைப் பற்றி எழுந்த பழைய இலக்கண நூல்களுள், வார்ரோ என்பவர் கி.மு. முதல் நூற்றாண்டில் இயற்றிய 'இலத்தீன் மொழி பற்றி' என்னும் நூல் முதன்மையானது. இருபத்தைந்து பகுதிகளைக் கொண்டிருந்த அந்நூலில் தொடர்ச்சியாக நமக்குக் கிடைப்பவை 5 முதல் 10 வரையிலான ஆறு பகுதிகளே. அவையும் இடையிடையே சிதைந்துள்ளன. அந்த ஆறு பகுதிகளும் ஒரே ஒரு தோலேட்டின் வழியாகவே பிழைத்தன. இன்று காணப்படும் பிற படிகள் யாவும் அதன் வழிவந்தவை. 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதப்பட்ட அவ்வேடு, தென் இத்தாலியில் மொந்தே கசீனோ என்னும் மலையின் உச்சியில் அமைந்த துறவு மடத்தில் உருவானது. உரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸின் 'ஆண்டுக் குறிப்புகள்' நூலின் பிற்பகுதியும் 'வரலாறுகள்' நூலில் எஞ்சிய பகுதியும் அதே மடத்தின் ஏடொன்றினால்தான் கிடைத்தன.

இம்மடத்தார் பழைய நூல்களைக் காத்தனர் என்று பாடநூல்கள் பொதுவாகப் புகழ்ந்துரைக்கும். அப்புகழுரை பொய்யன்று. எனினும், அம்மடத்தார் எந்த விதிநூலின்படி வாழ்ந்தார்களோ அந்நூலில் ஏடுகளைப் படியெடுக்க வேண்டும் என்று ஓரிடத்திலும் கட்டளை இல்லை. வார்ரோவையும் டாசிட்டஸையும் பற்றி அது ஒரு சொல்லும் சொல்லவில்லை. விதியில் இல்லாத ஒரு பணி எவ்வாறு மடத்தின் அடையாளமாயிற்று என்னும் வினாவுக்கு, அங்கே ஒரு நாள் எவ்வாறு கழிந்தது என்பதிலிருந்தே விடை தேட வேண்டியுள்ளது. இக்கட்டுரை அம்முயற்சியை மேற்கொள்கிறது.

மடத்தின் தோற்றம்

தமிழ்க் கத்தோலிக்கர் ஆசீர்வாதப்பர் என்று வழங்கும் புனித பெனடிக்ட், ஏறத்தாழ கி.பி. 480இல் நடு இத்தாலியின் நூர்சியாவில் பிறந்தவர். இலத்தீனில் 'பெனடிக்டஸ்' என்பதற்கு ஆசி பெற்றவர் என்று பொருள். தமிழ்ப் பெயர் அதன் நேர் ஆக்கமே. கல்விக்காக உரோமுக்குச் சென்ற அவர் அந்நகர வாழ்வை வெறுத்து, சுபியாக்கோ என்னும் இடத்துக் குகையில் தனித்து வாழ்ந்தார். பின்னர்ச் சீடர்கள் திரண்டனர். ஏறத்தாழ 529இல் உரோமுக்குத் தென்கிழக்கே 130 கிலோமீட்டர் தொலைவில், கசீனும் என்ற பழைய உரோம ஊருக்கு மேலுள்ள மலையில் அவர் மடம் நிறுவினார். மலையின் உயரம் ஏறத்தாழ 520 மீட்டர். அங்கே அப்பல்லோ தெய்வத்தின் கோயில் இருந்தது என்றும் அதனை அகற்றியே வழிபாட்டிடம் எழுப்பப்பட்டது என்றும் திருத்தந்தை முதலாம் கிரகோரியின் 'உரையாடல்கள்' கூறுகிறது. பெனடிக்டின் வாழ்வைப் பற்றிய செய்திகள் அனைத்துக்கும் 6ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த அந்நூலே ஆதாரம். அதில் அற்புதச் செயல்கள் மிகுதி. ஆண்டுக் குறிப்புகள் இல்லை. ஆகவே, மேற்கூறிய ஆண்டுகளை மரபுவழிக் கணக்காகவே கொள்ளுதல் வேண்டும்.

அவர் தம் மடத்துக்கென எழுதிய விதிநூல் ஒரு முன்னுரையும் 73 சிறு அதிகாரங்களும் கொண்டது. பிற்காலத்தில் மேலை ஐரோப்பாவின் துறவு மடங்களில் பெரும்பாலானவை இந்நூலையே ஏற்றன. இந்நூலை மெய்ஞ்ஞான நூலாக எதிர்பார்த்துத் திறப்பவர் வியப்படைவர். யார் எப்போது சமைப்பது, துண்டுகளை யார் துவைப்பது, கருவிகள் தொலைந்தால் என்ன செய்வது என்பன போன்ற இல்லறச் செய்திகளே அதில் நிறைந்துள்ளன.

ஒரு நாளின் ஒழுங்கு

விதிநூல் நாளை மூன்றாகப் பகுக்கிறது: வழிபாடு, உழைப்பு, வாசிப்பு. பகலில் ஏழு முறையும் இரவில் ஒரு முறையும் மடத்தார் கூடித் திருப்பாடல்களைப் பாட வேண்டும். குளிர்காலத்தில் இரவின் எட்டாம் மணி நேரத்தில், அதாவது நம் கணக்கில் ஏறத்தாழ இரண்டு மணிக்கு, எழுதல் வேண்டும். உடை களையாமல் படுப்பதே வழக்கம். அழைப்பொலி கேட்டவுடன் எழுவதற்கு அது உதவும். விவிலியத்தின் 150 திருப்பாடல்களும் ஒரு வாரத்திற்குள் முடிய வேண்டும். முன்னோர் இதனை ஒரே நாளில் முடித்தனர், நாம் வாரம் ஒருமுறையேனும் முடிப்போம் என்ற வகையில் பெனடிக்ட் இதனை விதிக்கிறார். மனிதரின் இயல்பான தளர்ச்சியை அறிந்து விதி வகுத்தவர் அவர் என்பது இவ்விடத்தில் புலனாகும்.

உழைப்பைப் பற்றிப் பேசும் 48ஆம் அதிகாரம் பருவத்துக்கேற்பக் கால அட்டவணை தருகிறது. உயிர்ப்பு விழா முதல் அக்டோபர் முதல் நாள் வரை, காலையில் முதல் மணி தொடங்கி ஏறத்தாழ நான்காம் மணி வரை உடலுழைப்பு. நான்காம் மணி முதல் ஆறாம் மணி வரை வாசிப்பு. நண்பகல் உணவுக்குப் பின் ஓய்வு. பின்னர் மாலை வழிபாடு வரை மீண்டும் உழைப்பு. குளிர்காலத்தில் வாசிப்பு காலைக்கு மாறும். வறுமையினால் அறுவடையைத் தாங்களே செய்ய நேர்ந்தால் மடத்தார் வருந்தலாகாது. தம் கையால் உழைத்து உண்ணும்போதுதான் அவர்கள் உண்மைத் துறவியர் ஆகின்றனர் என்பது அவ்வதிகாரத்தின் கருத்து. உடலுழைப்பை அடிமைகளுக்குரியதாகக் கருதிய உரோமச் சமூகத்தில், உயர்குடிப் பிறந்தோரும் அடிமையாயிருந்தோரும் ஒரே வயலில் நின்றனர் என்பதன் கனத்தை இன்று உணர்வது எளிதன்று.

அதே அதிகாரத்தில் மொழியாசிரியர்கள் நின்று நோக்க வேண்டிய குறிப்பொன்றும் உண்டு. நண்பகல் ஓய்வில் படுக்கையில் இருந்தபடி வாசிக்க விரும்புபவர், பிறருக்கு இடையூறு இல்லாதவாறு வாசிக்க வேண்டுமாம். வாசிப்பு என்றால் அக்காலத்தில் வாய்விட்டு வாசிப்பதே இயல்பு என்பதற்கு இவ்விதி ஒரு சான்று. படிப்பவரின் உதடும் செவியும் சேர்ந்தே இயங்கின. ஓலைச் சுவடியைப் பாட்டாக ஓதிப் பயின்ற நம் பழைய திண்ணைப் பள்ளிகளை அறிந்தவர்க்கு இது புதிதாகத் தோன்றாது.

உணவு வேளையிலும் வாசிப்பு தொடர்ந்தது. வாரத்துக்கு ஒருவர் வாசிப்பவராக அமர்த்தப்படுவார். அவர் குரல் தவிர வேறு ஒலி உணவறையில் எழலாகாது. வேண்டியதைச் சைகையால் கேட்டுப் பெறுதல் வேண்டும். வாசிப்பவர் நெடுநேரம் உண்ணாமல் இருப்பது கடினமாதலால் முன்னதாகவே அவருக்குச் சிறிது நீர் கலந்த திராட்சை மது தரப்படும். சமைத்த உணவு இரண்டு வகை இருக்கும். ஒன்றை உண்ண இயலாதவர் மற்றொன்றை உண்ணட்டும் என்பதற்காக. நாளொன்றுக்கு ஓர் இராத்தல் ரொட்டி. நாற்கால் விலங்குகளின் இறைச்சி நோயுற்று மெலிந்தவர்க்கு மட்டும். சமையல் பணி அனைவருக்கும் முறைவைத்து வந்தது. வார இறுதியில் பணி முடிப்பவர் துண்டுகளைத் துவைத்து, பாத்திரங்களைக் குறையின்றி ஒப்படைத்து, அடுத்து வருபவரோடு சேர்ந்து அனைவரின் பாதங்களையும் கழுவுவார்.

உடைமை விதி கடுமையானது. புத்தகம், எழுதுபலகை, எழுத்தாணி எதுவுமே எவருக்கும் தனியுடைமை அன்று. வேண்டியவற்றை மடத் தலைவர் அளிப்பார்: மேலங்கி, உள்ளங்கி, காலணி, இடைக்கச்சை, கத்தி, எழுத்தாணி, ஊசி, கைத்துணி, எழுதுபலகை. எவரேனும் எதையேனும் ஒளித்து வைத்துள்ளனரா என்று படுக்கைகளையும் அவர் சோதிப்பார். இப்பட்டியலில் எழுத்தாணியும் எழுதுபலகையும் ஊசியோடும் கத்தியோடும் சமமாக நிற்கின்றன. எழுத்து இங்கே சிறப்புக்குரிய கலை அன்று. ஒவ்வொருவருக்கும் வேண்டிய அன்றாடப் பொருள்.

வாசிப்பிலிருந்து படியெடுப்புக்கு

படியெடுப்பு எப்படிப் புகுந்தது என்பதற்கான திறவுகோல் தவக்கால விதியில் உள்ளது. உயிர்ப்பு விழாவுக்கு முந்திய நாற்பது நாள் நோன்பின் தொடக்கத்தில் ஒவ்வொருவரும் நூலகத்திலிருந்து ஒரு நூல் பெற்று, முதலிலிருந்து கடைசி வரை வரிசையாக வாசிக்க வேண்டும். வாசிக்க வேண்டிய வேளையில் வீண்பேச்சில் ஈடுபடுவோரைக் கண்டறிய மூத்தோர் ஒருவரோ இருவரோ மடத்தைச் சுற்றி வருவர். பிற்காலப் பெனடிக்ட் மடங்களில் இது ஒரு சடங்காகவே வளர்ந்தது. 11ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கேன்டர்பரிக்கென லான்பிராங்க் வகுத்த ஒழுங்கின்படி, நூல்கள் யாவும் ஒரு விரிப்பின்மேல் பரப்பி வைக்கப்படும். சென்ற ஆண்டு பெற்ற நூலை ஒவ்வொருவரும் திருப்பித் தர வேண்டும். அதனை வாசித்து முடிக்காதவர் தரையில் விழுந்து தம் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். நூலகக் கடன்முறையில் இதைவிடக் கடுமையான ஒன்றை நாம் அறியோம்.

ஐம்பது பேர் வாழும் மடத்தில் இவ்விதியை நிறைவேற்ற ஐம்பது நூல்களேனும் வேண்டும். வழிபாட்டு ஏடுகள் தனி. சிறுவர் கல்விக்கான இலக்கண நூல்கள் தனி. பெற்றோரால் சிறுவயதிலேயே மடத்துக்கு அளிக்கப்பட்ட பிள்ளைகளைப் பற்றி விதிநூல் 59ஆம் அதிகாரத்தில் பேசுகிறது. அவர்கள் பேச்சுமொழியினின்று விலகிச்சென்றுவிட்ட இலத்தீனைக் கற்றாக வேண்டும். கற்பிக்கப் பழைய உரோம ஆசிரியர்களின் நூல்களே இருந்தன. விலைக்கு வாங்கக் கடை இல்லை. வேண்டிய நூலைத் தாமே எழுதிக்கொள்வதைத் தவிர வழியில்லை. மடத்துக்குள்ளேயே நீர், மாவரைக்கும் ஆலை, தோட்டம், தொழிற்கூடங்கள் அமைதல் வேண்டும் என்று விதிநூல் கூறுகிறது. அவ்வரிசையில் ஏடெழுதுதலும் ஒரு கைத்தொழிலாக இயல்பாகவே சேர்ந்தது. பெனடிக்டின் காலத்தவரான காசியோடோரஸ் தென் இத்தாலியில் நிறுவிய விவாரியம் மடம், படியெடுப்பைத் திட்டமிட்ட புனிதப் பணியாகப் போற்றியது உண்மை. ஆனால் அம்மடம் அவருக்குப் பின் நிலைக்கவில்லை. திட்டமாக வகுத்தது மறைந்தது; மாவரைப்பது போன்ற வேலையாகப் புகுந்தது நிலைத்தது.

ஏடு எழுதுவதும் எளிய வேலை அன்று. ஆட்டுத்தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிர் நீக்கி, சட்டத்தில் இழுத்துக் கட்டிச் சுரண்டிக் காயவைத்தால் எழுதுதோல் கிடைக்கும். நான்கு தாள்களை மடித்து எட்டு இலைகளாக்குவர். தோலின் மயிர்ப்புறம் மஞ்சளாகவும் தசைப்புறம் வெண்மையாகவும் இருக்குமாதலால், திறந்த இரு பக்கங்களும் ஒரே நிறமாய் அமையுமாறு அடுக்குவர். கூரிய கருவியால் வரி கீறி, பறவையின் இறகால் எழுதுவர். பனையோலையைவிட இத்தோல் நெடிது உழைக்கும்; அதனால்தான் ஆயிரம் ஆண்டுகட்கு முந்திய ஏட்டையே நேரில் காணமுடிகிறது. தமிழ் ஓலைகளோ சில தலைமுறைக்கு ஒருமுறை மீண்டும் எழுதப்பட்டாக வேண்டியவை. ஆனால் தோலுக்கு வேறொரு குறை உண்டு. விலை மிகுதியாதலால், பழைய எழுத்தைச் சுரண்டி நீக்கிப் புதிதாக எழுதும் வழக்கம் இருந்தது. காத்த கையே அழித்ததும் உண்டு.

அழிவும் அலைவும்

பெனடிக்ட் மறைந்து அரை நூற்றாண்டு நிறையும் முன்பே, 6ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், லாங்கோபார்டுகள் மடத்தை அழித்தனர். துறவியர் விதிநூலின் மூல ஏட்டோடு உரோமுக்கு ஓடினர் என்பது மரபு. ஏறத்தாழ 718இல் பிரெசியா நகரத்துப் பெத்ரோனாக்ஸ் மடத்தை மீண்டும் நிறுவினார். மூல ஏடும் திருத்தந்தை சக்கரியாவால் மலைக்குத் திருப்பியளிக்கப்பட்டது. அந்த 8ஆம் நூற்றாண்டில்தான் பால் தியாக்கோன் இங்கே வாழ்ந்தார். லாங்கோபார்டுகளின் வரலாற்றை எழுதியவர் அவரே. பெஸ்டஸ் என்பாரின் பெரிய இலத்தீன் சொற்பொருள் நூலைச் சுருக்கிப் பேரரசர் சார்லமேனுக்கு அளித்தவரும் அவரே. தம் குலத்தாரின் முன்னோர் எரித்த மடத்தில் அமர்ந்து அக்குலத்தின் வரலாற்றை எழுதினார் என்பதைக் கூறாமல் செல்ல மனம் வரவில்லை.

சார்லமேன் 787இல் மலைக்கு வந்தார். விதிநூலின் நம்பத்தக்க படி ஒன்று தமக்கு வேண்டுமெனக் கேட்டார். மடத் தலைவர் தியோதெமார் படியெடுத்து அனுப்பினார். அப்படியைப் பார்த்து 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரைகனவ் மடத்துத் துறவியர் இருவர் எழுத்துக்கெழுத்து மாறாமல் எழுதிய ஏடு, இன்று சுவிட்சர்லாந்தின் சாங்க்ட் காலன் நூலகத்தில் 914ஆம் எண்ணோடு உள்ளது. பழைய இலக்கண வழுக்களைக்கூட அவர்கள் திருத்தவில்லை. மாறுபட்ட பாடங்களை ஓரத்தில் குறித்தனர். இன்றைய பதிப்பாசிரியர் விரும்பும் நேர்மை அது.

883இல் அரபுப் படையினர் மடத்தைத் தாக்கினர். மடத் தலைவர் பெர்த்தாரியஸ் கொல்லப்பட்டார். எஞ்சியோர் தெயானோ ஊருக்கு மூல ஏட்டையும் எடுத்துச் சென்றனர். 896இல் அங்கே நேர்ந்த தீயில் அது எரிந்தது. பெனடிக்டின் கையெழுத்து என்று போற்றப்பட்ட ஏடு போயிற்று. அயல்நாட்டுக்கு அனுப்பிய படியின் படி பிழைத்தது. மூலத்தைத் தூக்கிக்கொண்டு மும்முறை இடம்பெயர்ந்தவர்களின் பக்தியைவிட, ஒரு முறை கேட்டதற்காக எழுதி அனுப்பிய அந்தப் படியே நூலைக் காத்தது.

10ஆம் நூற்றாண்டின் நடுவில் மடத் தலைவர் அலிகெர்னுஸ் தலைமையில் துறவியர் மலைக்குத் திரும்பினர். கைவிட்டுப்போன நிலங்களை மீட்க வழக்குகள் எழுந்தன. அவற்றுள் ஒன்று 960இல் காப்புவா நகரில் நீதிபதி முன் வந்தது. மடத்துக்கும் ரொதெல்கிரிமோ என்ற நிலவுடைமையாளருக்கும் நடந்த வழக்கு அது. தீர்ப்புச் சுவடி இலத்தீனில் உள்ளது. ஆனால் முப்பது ஆண்டுகளாக அந்நிலம் மடத்தின் கையிலிருந்தது என்று சாட்சிகள் கூறிய வாசகம் மட்டும் மக்களின் பேச்சுமொழியிலேயே பதியப்பட்டுள்ளது. இத்தாலிய மொழியில் அமைந்த முதல் ஆவணச் சான்றாக மொழி வரலாற்றாசிரியர்கள் இதனைக் கொள்கின்றனர். ஒரு மொழி எழுத்தில் முதன்முதல் தோன்றும் இடம் காவியமாக இருக்க வேண்டியதில்லை. எல்லைத் தகராறாகவும் இருக்கலாம். நில ஆவணத்தைப் பேணும் அன்றாடப் பொறுப்பு மடத்துக்கு இல்லாதிருந்தால் அவ்வாசகம் நம்மை எட்டியிராது.

டெசிடேரியஸ் காலம்

1058 முதல் 1087 வரை மடத் தலைவராக இருந்த டெசிடேரியஸ், இறுதியில் மூன்றாம் விக்டர் என்ற பெயரில் திருத்தந்தையானவர். அவர் எழுப்பிய புதிய பேராலயம் 1071இல் அருட்பொழிவு செய்யப்பட்டது. கான்ஸ்டன்டினோபிளிலிருந்து கலைஞர்கள் வரவழைக்கப்பட்டனர். வெண்கலக் கதவுகள் அந்நகரிலேயே வார்க்கப்பட்டன. வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்து துறவியான கான்ஸ்டன்டைன், அரபு மருத்துவ நூல்களை இங்கே இலத்தீனாக்கினார். அலி இப்னு அல்அப்பாஸின் பெருநூலைத் தழுவிய 'பன்தெக்னி' அவற்றுள் புகழ் பெற்றது. இரு நூற்றாண்டுக்கு முன் அரபுப் படை எரித்த மடத்தில் அரபுக் கல்வி விருந்தாயிற்று.

இக்காலத்தில் படியெடுக்கப்பட்ட நூல்களின் பட்டியலை மடத்தின் வரலாற்றுக் குறிப்பு தருகிறது. திருநூல் விளக்கங்களுக்கிடையே ஒவிட்டும் சிசெரோவும் தலைகாட்டுகின்றனர். 'பெனவெந்தோ எழுத்து' எனப்படும் தென் இத்தாலிய எழுத்துவகை இம்மடத்தில்தான் முழு அழகை எட்டியது. தடித்த கோடுகள் உடைந்து உடைந்து இணைவது போன்ற தோற்றமுடைய அவ்வெழுத்தைப் பயிலாதவர் வாசித்தல் அரிது. 1914இல் லோ என்னும் அறிஞர் அதனைப் பற்றி எழுதிய ஆய்வு இன்றும் அடிப்படை நூலாக உள்ளது.

வார்ரோ ஏடும் டாசிட்டஸ் ஏடும் இவ்வெழுத்திலேயே அமைந்தவை. டாசிட்டஸ் நூலின் 11 முதல் 16 வரையிலான பகுதிகளை இவ்வேடு தருகிறது. முதல் ஆறு பகுதிகள் செருமனியின் கொர்வை மடத்து ஏட்டில் கிடைத்தன. அதுவும் பெனடிக்ட் மடமே. 7 முதல் 10 வரையிலானவை எங்கும் இல்லை. ஒற்றை ஏட்டால் ஒரு நூல் பிழைத்தது என்று மகிழும்போதே, பிழைக்காத நூல்கள் எத்தனை என்ற எண்ணமும் எழவேண்டும். மற்றொன்று: உரோம நகரின் நீர்வழிகளைப் பற்றிப் பிராண்டினஸ் எழுதிய நூல். அதனை 12ஆம் நூற்றாண்டில் இங்கே எழுதியவர் மடத்து நூலகர் பீட்டர் தியாக்கோன். தம் மடத்தின் பெருமைக்காகப் பொய்யாவணங்கள் புனைந்தவர் என்று ஆய்வாளர்களிடம் பெயர் கெட்டவர் அவர். நீர்க்குழாய் அளவுகளை மட்டும் பொறுமையாகப் படியெடுத்து வைத்தார். 1429இல் போஜ்ஜோ என்னும் மறுமலர்ச்சி அறிஞர் அதனைக் கண்டெடுத்தார்.

தளர்ச்சி

1230ஆம் ஆண்டளவில் ஐந்து வயதுச் சிறுவனாக மடத்துக்கு அளிக்கப்பட்ட தாமஸ் அக்குவினாஸ், 1239இல் பேரரசர் இரண்டாம் பிரடரிக் துறவியரை வெளியேற்றியபோது நீங்கினார். 1349இல் நிலநடுக்கம் டெசிடேரியஸின் பேராலயத்தைச் சாய்த்தது. ஆனால் ஏடுகளைப் பொறுத்தவரை நிலநடுக்கத்தைவிடக் கொடியது கவனக்குறைவு. தாந்தேயின் காவியத்துக்கு உரை எழுதிய பென்வெனுட்டோ, தம் ஆசிரியர் பொக்காச்சியோ சொன்னதாக ஒரு செய்தியைத் தருகிறார். பொக்காச்சியோ இம்மடத்து நூலகத்தைக் காண விரும்பினாராம். கதவே இல்லாத அறை, சன்னல்களில் புல் முளைத்திருந்தது, ஏடுகளின்மேல் புழுதி. பல ஏடுகளில் ஓரங்களும் இதழ்களும் அறுக்கப்பட்டிருந்தன. சில காசுகளுக்காகத் துறவியர் இதழ்களைச் சுரண்டிச் சிறுவர்க்குத் திருப்பாடல் ஏடுகளும், ஓரத்துண்டுகளால் பெண்களுக்குத் தாயத்துகளும் செய்து விற்றனர் என்று அறிந்து அவர் கண்ணீரோடு இறங்கிவந்தார் என்பது கதை.

இக்கதையை அப்படியே ஏற்பதற்கில்லை. ஏடுகளை வெளியே கொண்டுபோனவர்களுக்கு இத்தகைய கதை வசதியானது. டாசிட்டஸ், வார்ரோ ஏடுகள் மலையிலிருந்து புளோரன்ஸுக்குச் சென்றது எவர் கையால் என்பதில் அறிஞர்கள் வேறுபடுகின்றனர். பொக்காச்சியோவின் பெயரும் சனோபி என்பாரின் பெயரும் கூறப்படுகின்றன. கொடுத்தாரா, எடுத்தாரா என்று இன்று தீர்ப்புக் கூற இயலாது. எனினும், வாசிப்பு நின்ற இடத்தில் ஏடு வெறும் தோலாகிவிடும் என்பதில் ஐயமில்லை. தவக்காலத்தில் விரிப்பின்மேல் வைத்து எண்ணி வாங்கப்பட்ட ஏட்டின் ஓரத்தை எவரும் அறுத்திருக்க முடியாது.

புளோரன்ஸிலும் ஏடு முழுப் பாதுகாப்பு அடைந்துவிடவில்லை. 1521இல் வெத்தோரியும் தியாச்சேத்தோவும் வார்ரோ ஏட்டை அச்சுப் பதிப்போடு ஒப்பிட்டு வேறுபாடுகளைக் குறித்தனர். அதன் பின்னர் அவ்வேட்டின் ஒரு மடிப்புத் தாள்கட்டு முழுவதும் காணாமற் போயிற்று. அப்பகுதியில் ஏடு என்ன கூறியது என்பதற்கு அவ்விருவரின் குறிப்பே தலையாய சான்று.

1943, 1944

1799இல் பிரெஞ்சுப் படை மடத்தைச் சூறையாடியது. 1866இல் இத்தாலிய அரசு துறவு மடங்களைக் கலைத்துச் சட்டம் இயற்றியபோது, இம்மடம் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. துறவியர் அதன் காப்பாளராகத் தொடர்ந்தனர். இரண்டாம் உலகப் போரில் செருமானியத் தற்காப்புக் கோடு இம்மலை வழியே சென்றது. 1943 அக்டோபரில், ஆஸ்திரியரான படை அதிகாரி ஷ்லேகல் என்பவரும் மருத்துவ அதிகாரி பெக்கர் என்பவரும் தனித்தனியே மடத்துக்கு வந்து, ஏடுகளை அப்புறப்படுத்துமாறு வற்புறுத்தினர். எண்பது வயதை நெருங்கிய மடத் தலைவர் தியாமரே முதலில் நம்பவில்லை, பின்னர் இசைந்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழைய ஏடுகளும் பல்லாயிரம் நூல்களும் பெட்டிகளில் அடைக்கப்பட்டு இராணுவ வண்டிகளில் இறங்கின. உரோமிலிருந்து பாதுகாப்புக்காக அனுப்பப்பட்டிருந்த ஆங்கிலக் கவிஞர் கீட்ஸ், ஷெல்லி ஆகியோரின் நினைவுப் பொருள்களை மடத்து ஏட்டுக் காப்பாளர் தம் சொந்த உடைமைகளோடு கலந்து எடுத்துச் சென்றார். மடத்து ஏடுகள் உரோமை அடைந்தன. நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்துக்குரிய ஓவியங்கள் சிலவோ வழியில் செருமனிக்குத் திருப்பப்பட்டன.

1944 பிப்ரவரி 15ஆம் நாள், இருநூறுக்கும் மேற்பட்ட நேசநாட்டு விமானங்கள் மடத்தைக் குண்டுவீசித் தகர்த்தன. அங்கே அடைக்கலம் புகுந்திருந்த பொதுமக்கள் பலர் மாண்டனர். மலையைத் தாக்கவேண்டிய பொறுப்பு 4ஆவது இந்தியப் படைப்பிரிவின் மேல் விழுந்திருந்தது. அதன் தளபதி டக்கர், மடத்துச் சுவர்களின் உறுதியைப் பற்றி மேலிடத்திலிருந்து செய்தி கிடைக்காமையால், நேப்பிள்ஸ் புத்தகக் கடையில் தேடி 1879ஆம் ஆண்டு நூலொன்றிலிருந்து அறிந்துகொண்டார். மடத்தைத் தகர்க்க வேண்டும் என்ற அவரது வாதத்துக்கும் ஒரு நூலே துணையாயிற்று. இந்தியப் படைப்பிரிவில் மதராஸ் பொறியியற் படையினரும் இருந்தனர். காஞ்சிபுரம் பகுதியைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன், அதே மாதம் 24ஆம் நாள் போர்முனைக்குப் பின்னால் மின்யானோ அருகே வெடிக்கவிருந்த கண்ணியின்மேல் தாமே விழுந்து தோழர்களைக் காத்து உயிர்நீத்தார். அவருக்கு ஜார்ஜ் சிலுவை விருது வழங்கப்பட்டது. கசீனோ ஊரின் போர் இடுகாட்டில் இந்திய வீரர்களின் கல்லறைகளும் உள்ளன. இம்மடத்தைத் தொலைதூர ஐரோப்பிய வரலாறாக மட்டும் நாம் கருத முடியாமைக்கு இதுவும் ஒரு காரணம்.

குண்டுவீச்சு போர்நோக்கில் பயனளித்ததாகவும் கூறுவதற்கில்லை. இடிபாடுகளுக்குள் செருமானியர் புகுந்து வலுவாக அமர்ந்துகொண்டனர். மே 18ஆம் நாள்தான் போலந்துப் படையினர் மலையுச்சியை அடைந்தனர். பெனடிக்டின் கல்லறை பெரும் சேதமின்றித் தப்பியிருந்தது. இருந்த இடத்திலேயே, இருந்தவாறே கட்டுவது என்று முடிவு செய்து மடம் மீண்டும் எழுப்பப்பட்டது. 1964 அக்டோபர் 24ஆம் நாள் திருத்தந்தை ஆறாம் பவுல் பேராலயத்தை அருட்பொழிவு செய்து, பெனடிக்டை ஐரோப்பாவின் பாதுகாவலராக அறிவித்தார். 2014இல் சுற்றுப்புறப் பங்குகள் அண்டை மறைமாவட்டத்தோடு இணைக்கப்பட்டதால், நூற்றாண்டுகளாக மடத் தலைவருக்கிருந்த நிலப்பரப்பு அதிகாரம் மடத்தின் எல்லைக்குள் சுருங்கியது. துறவியர் எண்ணிக்கை முன்போல் இல்லை. எனினும் திருப்பாடல் ஓதும் வேளைகள் தொடர்கின்றன. ஏட்டகமும் நூலகமும் ஆய்வாளர்க்குத் திறந்துள்ளன.

பீட்டர் தியாக்கோன் எழுதிய பிராண்டினஸ் ஏடு போருக்குப் பின் உரோமிலிருந்து மலைக்குத் திரும்பி, 361ஆம் எண்ணோடு அந்த ஏட்டகத்தில் உள்ளது. வார்ரோவும் டாசிட்டஸும் இன்னும் புளோரன்ஸில், லாரென்ஸிய நூலகத்தில்.